சுவருக்குப் பின்னால் இருந்த கடன்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று எமது முன்னோர் சொல்லி வைத்தார்கள். பழைய வீட்டின் குளியலறையை உடைத்துப் பார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லாமல் விட்டது, அந்நாளில் எம்மிடம் உடைப்பதற்குக் குளியலறை என்று ஒன்று இல்லாதிருந்தமையால் போலும். ஊரில் நாம் குளித்தது கிணற்றடியில். அள்ளி வார்த்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைப் பாத்திக்குப் போவதைக் கண்ணால் கண்டோம். வாய்க்கால் அடைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அங்கே மறைவதற்கு எதுவும் இருக்கவில்லை.

இங்கே நிலைமை வேறு. நாம் குளிக்கும் தண்ணீர் எந்த வழியால் போகின்றது, எங்கே தங்குகின்றது என்பதை ரைல்ஸ் மூடியிருக்கின்றது. அந்த ரைல்ஸை நம்பித்தான் வீடு வாங்குகிறோம், விற்கிறோம். எம்மவர் பலர் இன்று ஒஸ்லோவில், சிறப்பாகக் குறூருட்டாலன் பகுதியில், ஐம்பது அறுபது வருடப் பழைமையான வீடுகளுக்குச் சொந்தக்காரராக இருப்பதனால், எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி அதன் மூலம் ஒரு கேள்வியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கேள்வி இதுதான்: ஒரு குறையைப் பற்றிப் பொய் சொல்லாமல், வெறுமனே வாய் திறவாமல் இருந்துவிட்டால், அது குற்றமாகுமா?

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்றவன். 2007 இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்து, சில வருடங்கள் அலுவலகங்களைத் துப்புரவு செய்து, பின்னர் மீண்டும் படித்து, இப்போது கணக்காளராகத் தொழில் செய்கிறேன். 2016 இல் 1950களில் கட்டப்பட்ட ஒரு வீட்டை வாங்கினோம். குளியலறை வெள்ளை ரைல்ஸுடன் மினுங்கிக் கொண்டிருந்தது. அந்த மினுக்கம்தான் என் மனைவியின் மனதை நிறைத்தது என்பதையும், என் மனதையும் நிறைத்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

2023 ஆம் ஆண்டு, பிள்ளைகள் வளர்ந்து ஒரு குளியலறைக்கு நான்கு பேர் வரிசையில் நின்ற காலத்தில், அதைத் திருத்தி அமைக்க முடிவு செய்தோம். ஒரு நிறுவனத்திடம் விலை மதிப்பீடு கேட்டோம். பெறுமதி சேர் வரி உட்பட 240,000 குறோணர் என்று எழுத்தில் தந்தார்கள். நான் கணக்குப் பார்ப்பவன் அல்லவா? 1989 ஆம் ஆண்டின் கைவினைஞர் சேவைச் சட்டத்தின்படி, இப்படியொரு மதிப்பீட்டைத் தந்தவர் இறுதியில் அதிலும் 15 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே மேலும் 36,000 குறோணரை ஒதுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

நான் சரியாகக் கவனிக்காத ஒன்று அதே சட்டத்தில் இருந்தது. அந்த 15 வீதம், பேசிக்கொண்ட வேலைக்கு மட்டுமே உரியது. சுவரை உடைத்த பின் முன்பு தெரியாதிருந்த வேறு வேலை அவசியம் என்று கண்டால், வேலை செய்பவர் முதலில் வீட்டுக்காரருக்கு அறிவித்துக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்தால் அது தனிக் கணக்கு. பழைய வீட்டில் செலவு ஏறுவது பெரும்பாலும் இந்த வழியால்தான்.

முதல் நாள் ரைல்ஸை உடைத்தார்கள். அதன் கீழே இன்னொரு ரைல்ஸ் இருந்தது. அதன் கீழே பழைய தரைவிரிப்புத் துண்டுகளும் கறுத்த பசையும். தண்ணீர் மரத்துக்குள் போகாமல் தடுக்கும் 'மெம்பிரான்' எனப்படும் நீர்க்காப்புப் படை எந்த இடத்திலும் இல்லை. அந்தக் கறுத்த பசையைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நோர்வேயில் அஸ்பெஸ்ரஸ் 1985 இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளில் தரை, பசை, குழாய்ச் சுற்று எதிலும் அது இருக்கக்கூடும். மாதிரியை எடுத்துப் பரிசோதித்தபோது இருந்தது. அதை அகற்ற அனுமதி பெற்ற வேறு ஆட்கள் வர வேண்டும். அதற்கு 42,000.

அதன் பின் தரையைத் திறந்தார்கள். 1950களில் போட்ட வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய் உள்ளே துருவேறி, ஒரு கை போகக்கூடிய துவாரம் இரண்டு விரல் போகும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அதற்கு 38,000. மின்சார இணைப்பு பழையது, ஈரமான அறைக்குப் பொருந்தாதது. அதற்கு 27,000. இறுதியாக, குளிக்கும் இடத்துச் சுவரின் அடிமரம் கையால் பிய்த்தெடுக்கும் அளவுக்கு உக்கிப் போயிருந்தது. மரத்தையும் தரையையும் புதிதாகப் போட 55,000. ஆக, எதிர்பாராத செலவு மட்டும் 162,000 குறோணர். மொத்தம் 402,000.

உக்கிய அந்த மரத்தில்தான் நான் எழுத வந்த விடயம் இருக்கின்றது. அதன் ஒரு பகுதியை யாரோ முன்பு வெட்டி எடுத்துவிட்டு, ஒரு முழம் நீளமான வேறு பலகைத் துண்டை ஆணி அடித்துப் பொருத்தி, அதன் மேல் வெள்ளை ரைல்ஸை ஒட்டியிருந்தார்கள். அதாவது, எங்களுக்கு முன் ஒருவர் இதைத் திறந்து பார்த்திருக்கிறார். உக்கலைக் கண்டிருக்கிறார். ஒரு துண்டை வைத்து மூடியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ரைல்ஸுக்குப் பின்னால் மறைக்கலாம் என்று அன்று அறிந்துகொண்டேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் சட்டம் எனக்குக் கைகொடுக்கவில்லை. 1992 இல் இயற்றப்பட்டு 1993 இல் நடைமுறைக்கு வந்த வீடு விற்பனைச் சட்டத்தின்படி, குறையைக் கண்டவுடன் முறையிட வேண்டும் என்பதோடு, வீட்டைப் பொறுப்பேற்று 5 வருடங்களுக்குப் பின்னர் பொதுவாக முறையிடவே முடியாது. விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபித்தால் வழியுண்டு. அந்தப் பலகையை வைத்தது எங்களுக்கு விற்றவரா, அவருக்கு விற்றவரா, அல்லது இருவரும் அறியாமல் ஒரு வேலையாளா என்பதை நான் எப்படி நிரூபிப்பது?

அன்றிரவு நண்பர் ஒருவர் வந்திருந்தார். நன்மையை நினைத்தே அவர் சொன்னார்: "அண்ணை, இதுக்குள்ள காசைக் கொட்டாதேங்கோ. திரும்ப மூடி, புது ரைல்ஸ் ஒட்டிப்போட்டு வித்துப்போட்டுப் போங்கோ. மினுங்கினால் ஆர் கேக்கப் போகினம்? உங்களுக்கும் அப்பிடித்தானே ஒருத்தன் வித்தவன்?"

அவர் வேறொரு வழியும் சொன்னார். பற்றுச்சீட்டு இல்லாமல் காசுக்கு வேலை செய்யக்கூடிய ஆட்களைத் தனக்குத் தெரியுமாம். 25 வீத வரி மிச்சம். இதற்கு நான் உடனே மறுப்புச் சொன்னேன். 2011 இலிருந்து, 10,000 குறோணருக்கு மேற்பட்ட வேலைக்கு வங்கி மூலமின்றிக் கையில் காசு கொடுப்பவர், வேலை செய்தவர் ஏய்த்த வரிக்குத் தாமும் பொறுப்பாக வேண்டிவரலாம் என்பது எனது தொழிலில் நாளாந்தம் சொல்லும் பாடம். அதைவிட, அப்படி வந்து வேலை செய்பவர் யார்? விழுந்து கால் முறிந்தால் காப்புறுதி இல்லாத, பதினைந்து வருடங்களுக்கு முந்திய என்னைப் போன்ற ஒருவர். அவருடைய வறுமையில் நான் கழிவு வாங்குவதாக முடியும்.

ஆனால் நண்பர் சொன்ன முதல் வழிக்கு என்னால் உடனே மறுப்புச் சொல்ல முடியவில்லை. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அந்த 162,000 குறோணர் எங்கிருந்து வர வேண்டும்? குடும்பமாக ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்து வருவதற்கு மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. நோர்வே வங்கியின் அடிப்படை வட்டி 2020 இல் பூச்சியமாக இருந்து 2023 டிசம்பரில் 4.5 வீதத்துக்கு ஏறியிருந்த காலம். மேலும் கடன் எடுப்பது எளிதல்ல. ஏமாற்றப்பட்டவன் நான். அப்படியிருக்க, எல்லாருடைய கடனையும் நான் ஏன் அடைக்க வேண்டும்?

இந்தக் கேள்வி புதியதல்ல. ரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44 இல் கடமைகள் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய இதே வழக்கை எடுத்து ஆராய்கிறார். ஒரு நல்ல மனிதர் தமது வீட்டை விற்கிறார். அது நோய் தரும் வீடு, மரங்கள் பழுதானவை, அறைகளில் விஷ ஜந்துக்கள் வருகின்றன. இது அவருக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்றால் தவறா? ஸ்தோயிக் மெய்யியலாளர் இருவர், ஆசிரியரும் மாணவருமானவர்கள், இதில் முரண்படுகின்றனர். ஆசிரியரான தியோஜெனிஸ் சொல்கிறார்: விற்பவர் உன்னை வாங்கும்படி வற்புறுத்தவில்லையே, மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு, நோய் பிடித்த வீடு விற்பனைக்கு உண்டு என்று எவராவது கூவி விற்பாரா? மாணவரான அந்திபாத்தர் சொல்கிறார்: வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதே பாவம் என்றால், ஒருவன் அறியாமல் நட்டத்தில் விழுவதைத் தெரிந்துகொண்டே பார்த்திருப்பது அதனிலும் கொடியது.

சிசரோ மாணவர் பக்கமே நிற்கிறார். உண்மையில் நடந்த ஒரு வழக்கையும் காட்டுகிறார். ரோமில் ஒருவர், தமது வீட்டின் உயரத்தை இடித்துக் குறைக்கும்படி கட்டளை பெற்ற பின்னர், அதைச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் இடிக்க வேண்டி வந்தது. தெரிந்தும் சொல்லாதவர் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாயிரம் வருடங்களுக்குப் பின் நோர்வேயும் அந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறது. நாங்கள் வாங்கிய காலத்தில் வீடுகள் 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்துடன் விற்கப்பட்டன. வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்பொருள். 2022 ஜனவரி 1 முதல், சாதாரண குடும்பங்களுக்கு வீடு விற்கும்போது அந்தப் பொதுவான வாசகம் செல்லாது. பரிசோதகர் குளியலறைக்குப் பக்கத்து அறைச் சுவரில் துளையிட்டு ஈரத்தை அளந்து பார்க்கிறார். மிக மோசமான தரத்தில் உள்ள பகுதிகளுக்குத் திருத்தச் செலவு எவ்வளவாகும் என்று உத்தேசமாக எழுதவும் வேண்டும். இருந்தும், ஒரு துளையால் முழுச் சுவரையும் பார்த்துவிட முடியாது. சட்டம் எட்டாத இடம் எப்போதும் மிஞ்சியிருக்கும். அங்கே விற்பவருடைய மனச்சாட்சி மட்டும்தான் காவல்.

இவற்றையெல்லாம் மனைவியிடம் விபரித்துக் கொண்டிருந்தேன். அவர் கேட்டுவிட்டு, "வாங்க வாறது எங்கட ஆக்களாய் இருந்தால் நீங்கள் சொல்லுவியளோ?" என்றார்.

"சொல்லாமல் விடேலுமோ? கோயிலிலை முகத்தைப் பார்க்க வேணுமே" என்றேன்.

"அப்ப, முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத ஆக்கள் எண்டால் சரியோ?"

எனக்குப் பதில் வரவில்லை. எம்மவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறொரு நீதி என்று நான் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தெரிந்த முகம் தேவைப்பட்டது. வெட்கத்துக்குப் பயந்து சொல்லும் உண்மை, வெட்கம் இல்லாத இடத்தில் நின்றுவிடும். இந்த நாட்டில், எமது முகத்தை முன்பின் அறியாதவர்கள் எம்மை ஏற்று வாழ இடம் தந்ததை அனுபவித்தவர்கள் நாம். முகம் தெரியாதவர்களுக்குக் கடமை இல்லை என்ற வாதம் எமது வாயில் பொருந்தாது.

மறுநாள் காலை இன்னொன்று நடந்தது. வேலை செய்த நோர்வேஜிய ரோர்லெக்கர், குளிக்கும் இடத்து மூலையில் சிலிக்கனைச் சுரண்டி எடுத்துக்கொண்டே, "இது எத்தனை வருடமாகக் கறுத்திருந்தது?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் யோசித்தேன். அந்த மூலை கறுப்பதையும் ஒருவித மணம் வருவதையும் நான் 2019 இலேயே கண்டிருந்தேன். கடையில் சிலிக்கன் வாங்கி, கறுப்பின் மேலேயே பூசினேன். 2021 இல் மறுபடியும் கறுத்தது. மறுபடியும் பூசினேன். ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வார் என்ற பயம்.

முன்பு பலகைத் துண்டை வைத்து மூடியவர் மீது நான் கொண்ட கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அவர் பலகையால் மூடினார். நான் சிலிக்கனால் மூடினேன்.

இதைப் பற்றிச் சிந்திக்கும்போது, சொல்லாதிருப்போரில் மூன்று வகை உண்டு என்று எனக்குப் படுகின்றது. அறியாமல் சொல்லாதவர் ஒருவர்; அவரில் குற்றமில்லை. அறிந்தும் சொல்லாதவர் ஒருவர். அவரைச் சிசரோவும் நோர்வேச் சட்டமும் கண்டிக்கின்றன. இந்த இருவருக்கும் நடுவே, அறிய விரும்பாதவர் ஒருவர் இருக்கிறார். கறுப்பைக் கண்டும் சுவரைத் திறவாதவர். நாளை யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்யலாம். அது பொய்யாகவும் இராது. எம்மில் பெரும்பாலோர் கள்ளர் அல்லர். ஆனால் பெரும்பாலோர் இந்த நடுவில் இருப்பவர்கள். சேதம் வளர்வதும் இவர்களுடைய காலத்திலேதான்.

கணக்கியலில் முன்மதி எண்ணக்கரு என்று ஒன்றைக் கற்பிக்கிறார்கள். இலாபம் கைக்கு வரும் முன் அதை எழுதாதே. நட்டம் வரக்கூடும் என்று கண்டால் உடனே எழுது என்பதே அதன் சாரம். பல வருடங்கள் மற்றவர்களின் ஐந்தொகையில் இதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தியவன், என் வீட்டுக் கணக்கில் எழுதவில்லை. வீட்டின் பெறுமதி ஏறுகிறது என்று மகிழ்ந்தேன். பெறுமானத் தேய்வுக்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை. ஆகவே 'செலவு ஏறிவிட்டது' என்று நான் புலம்பியது தவறு. அந்தக் கடன் நாங்கள் வீடு வாங்கிய நாளிலேயே சுவருக்குப் பின்னால் இருந்தது. ஏட்டில் எழுதப்படாமல் மட்டும் இருந்தது. எழுதாத காரணத்தால் தண்ணீர் தன் வேலையை நிறுத்தி வைக்கவில்லை. 2019 இல் திறந்திருந்தால் அடிமரத்தின் ஒரு பகுதியோடு போயிருக்கக்கூடும்.

ஏமாற்றப்பட்டவன் ஏன் செலுத்த வேண்டும் என்ற கேள்விக்கு நான் கண்ட பதில் இவ்வளவுதான். எனக்கு நேர்ந்தது அநியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அநியாயத்தை எனக்குச் செய்தவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. மூடி விற்றால், எனக்கு ஒரு தீங்கும் செய்யாத மூன்றாமவரிடம்தான் அது போய்ச் சேரும். அதற்குப் பழிவாங்கல் என்ற பெயர்கூடப் பொருந்தாது. எங்கேயோ ஒருவர் செலுத்தியே ஆக வேண்டிய கடன் இது. சுவரைத் திறந்து கண்டவர் செலுத்தாவிட்டால், காணாதவர் கூடுதலாகச் செலுத்துவார்.

ஆகவே செலுத்தினோம். ஊர்ப் பயணம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "கிணத்தை வருசத்துக்கு ஒருக்கால் இறைச்சுச் சேறு எடுக்காட்டில் தண்ணி நாறும்தானே மோனே. நீ கன காலம் எடுக்காமல் விட்டிட்டாய். எடுத்துப்போட்டு வா." அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஒரு வருடம் என்பது அவருக்குச் சிறிய காலம் அல்ல என்பது எனக்குத் தெரியும். நேர்மைக்கும் விலை உண்டு. சில சமயம் அந்த விலையை நாம் அன்பு வைத்தவர்களும் சேர்ந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. 2024 ஆடியில் போய் அவரைக் கண்டோம். அது இறைவன் தந்த கொடை. அவர் இல்லாது போயிருந்தால் இந்தக் கட்டுரையை இவ்வளவு அமைதியாக எழுதியிருப்பேனா என்று என்னால் உறுதி கூற முடியாது.

பழைய வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். மூலை கறுத்தால், மணம் வந்தால், பூசி மூடாதீர்கள். அறிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திருத்த வேலை தொடங்குமுன் 15 வீதத்தை மட்டும் நம்பாமல், திறந்த பின் வரக்கூடிய செலவுக்கென்று வேறொரு தொகையை ஒதுக்கி வையுங்கள். மேலதிக வேலை ஒவ்வொன்றுக்கும் விலையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். சுவரை மூடுமுன் படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டுகளையும், மின்சார வேலைக்குத் தரும் உறுதிப் பத்திரத்தையும் ஒரு கோப்பில் போடுங்கள்.

எங்கள் கோப்பு அலுமாரியில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் உக்கிய மரத்தின் படத்தையும், அதில் பொருத்தியிருந்த பலகைத் துண்டின் படத்தையும் ஒட்டியிருக்கிறேன். இரண்டு முறை சிலிக்கன் பூசியதையும் திகதி போட்டு எழுதியிருக்கிறேன். என்றோ ஒருநாள் இந்த வீட்டை வாங்கப் போகிறவர் எந்த நாட்டவரோ, எந்த மொழி பேசுபவரோ தெரியாது. அவருக்கும் வாசிக்க விளங்க வேண்டும் என்று நோர்வேஜிய மொழியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

நம் வீடுகளில் மட்டுமல்ல, நம் குடும்பங்களிலும் சங்கங்களிலும் பூசி மூடிய மூலைகள் எத்தனை உண்டு என்பதை அவரவர் தம் மனதைக் கேட்டுச் சிந்திப்போமாக.